டெத் அன் ரோல்: துள்ளல் டெத் மெட்டல்

உறுமல் குரலும் கரகரத்த கிட்டாரும் கொண்ட டெத் மெட்டல் இசையின் கனத்தை விடாமல் ராக் அண்ட் ரோலின் ஆட்டநடையில் வாசிக்கும் இசைக்கு 'டெத் அன் ரோல்' என்று பெயர். 'டெத் மெட்டல்', 'ராக் அண்ட் ரோல்' இரண்டையும் வெட்டி ஒட்டிய சொல் இது. நடுவில் இருக்கும் 'அன்', 'அண்ட்' தேய்ந்த உருவம்.

முன்பாதிக்கு வயது குறைவு. கலிஃபோர்னியாவின் பொசெஸ்டு குழு 1984-இல் தன் டெமோவுக்கு (ஆல்பத்துக்கு முந்திய மாதிரிப் பதிவு) 'டெத் மெட்டல்' என்றே தலைப்பு வைத்தது. பின்பாதியோ கடலிலிருந்து வந்தது. அலையில் கப்பல் ஆடி அசைவதைக் குறித்த ராக், ரோல் ஆகிய சொற்கள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் நடனத்துக்கும் உடலுறவுக்கும் பெயராயின. 1922-இல் டிரிக்ஸி ஸ்மித் பாடிய ஒரு புளூஸ் பாட்டின் தலைப்பிலேயே இரண்டும் உண்டு. 1950-களில் கிளீவ்லாந்து வானொலியின் ஆலன் ஃப்ரீட் அதை ஓர் இசைக்கே பெயராகப் பரப்பினார். ஆக, 'ரோல்' அடிப்படையில் ஓர் அசைவு. தமிழாக்கும்போது இதைத்தான் விட்டுவிடக் கூடாது.

இந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வரும் குழு ஸ்டாக்ஹோமின் என்டூம்ட். ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும், பாஸ் (Boss) நிறுவனத்தின் எச்எம்-2 பெடலின் நான்கு குமிழ்களையும் முழுக்கத் திருகி, ரம்பம் மரத்தை அறுப்பது போன்ற கிட்டார் ஒலியை 1990-இல் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பத்தில் நிலைநாட்டியவர்கள். 1993-இல் 'உல்வரின் புளூஸ்' வந்தபோது ரம்பம் அப்படியே இருந்தது, டிரம்ஸ் மாறியிருந்தது. டெத் மெட்டலின் அதிவேகத் தாளமான பிளாஸ்ட் பீட்டில் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரும் (குச்சியால் அடிக்கும், சடசடக்கும் சிறிய டிரம்) மூச்சுவிடாமல் பொழியும். ராக் அண்ட் ரோலில் நாலு எண்ணினால் ஸ்னேர் இரண்டிலும் நாலிலும் விழும். நடுவே இடம் கிடைக்கும். அந்த இடத்தில்தான் இடுப்பு அசைகிறது. தலைப்புப் பாட்டைப் போட்டுக் கால் என்ன செய்கிறது என்று பாருங்கள், விளக்கமே வேண்டாம். அதே ஆல்பத்தில் பழைய வேகத்துக்குத் தாவும் இடங்களும் உண்டு, எல்லாம் ஒட்டவில்லை. எனக்கு அந்தத் தையல் தெரிவதே பிடித்திருக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'மரண உருளல்' சொல்லுக்குச் சொல் சரி, பொருளில் ஒன்றுமில்லை. 'மரண ஆட்டம்' இன்றைய பேச்சில் 'பிரமாதமான ஆட்டம்' என்றுதான் காதில் விழும். நம் யாப்பில் ஓசைக்குப் பெயர்கள் இருக்கின்றன: வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல், கலிப்பாவுக்குத் துள்ளல். விட்டு விட்டுக் குதித்து நடப்பது துள்ளல். 'ரோல்' இங்கே குறிக்கும் நடைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. 'டெத் மெட்டல்' இசைவகையின் பெயர், அப்படியே இருக்கட்டும். 'துள்ளல் டெத் மெட்டல்' என்போம். சுருக்கமாகத் 'துள்ளல் டெத்'.

பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டுகளில் பெரும்பங்கு எழுதிவந்த டிரம்மர் நிக்கே ஆண்டர்சன் 1997-இல் விலகிய பின், என்டூம்ட் 1998-இல் 'சேம் டிஃபரன்ஸ்' வெளியிட்டது. அதில் டெத் மெட்டலின் கனம் கரைந்து, அக்கால ஆல்டர்னேட்டிவ் ராக்கின் சாயல் ஏறிவிட்டது. குழு அதேதான் என்பதற்காக அந்த ஆல்பத்துக்குத் துள்ளல் டெத் என்ற பெயரைக் கொடுக்க முடியாது.