டி.டி.எஸ். மீட்டருக்குக் கிருமி தெரியாது

மறுபடியும் ஒரு தெருவில் மஞ்சள் காமாலை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்தான் முதலில் படுத்தார்கள். தண்ணீர் மாதிரி எடுக்கப் போன வீட்டில் ஓர் அம்மா, பேனா அளவு டி.டி.எஸ். மீட்டரை டம்ளரில் விட்டுக் காட்டினார். "280தான் சார் காட்டுது, நல்ல தண்ணிதான்." அதே குழாயில் பிடித்த தண்ணீரில், குளோரின் இருந்தால் மஞ்சளாக மாறும் ஆர்த்தோடொலிடின் சொட்டு விட்டேன். மஞ்சள் நிறமே வரவில்லை. அதாவது எஞ்சிய குளோரின் கொஞ்சமும் இல்லை. ஆய்வகத்தில் பார்த்தால் ஈ.கோலை, மலம் கலந்திருப்பதற்கான அடையாளம். குடிநீர்ப் பரிசோதனையே என் வேலை. இந்த மீட்டரைப் பற்றி இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு. மீட்டர் அதைக்கூட நேரடியாக அளப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, கணக்குப் போட்டு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஓர் எண்ணைக் காட்டுகிறது. கிருமி உப்பு இல்லையே! ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுச் சாக்கடை விழுந்தாலும் அந்த எண் அசையாது. ஃப்ளூரைடும் அப்படித்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. 3 மில்லிகிராம் இருந்தால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். மீட்டரிலோ 600 இருக்கும் இடத்தில் 603 வரும், அவ்வளவுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டது இந்த ஃப்ளூரைடால்தான்.

இந்தியத் தர நிர்ணயப்படி டி.டி.எஸ். 500 வரை இருக்கலாம். வேறு நீராதாரம் இல்லாத ஊரில் 2000 வரைகூட அனுமதி உண்டு. ஆனால் 50 என்றால் அமிர்தம், 400 என்றால் விஷம் என்று வீடு வீடாகச் சொல்லி, உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரத்தை விற்கிறார்கள். இரண்டு டம்ளரில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். குழாய்த் தண்ணீர் பழுப்பாகித் திரிந்துவிடும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருக்கும். பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கே இல்லை, கம்பியின் இரும்பு கரைந்து வந்த துரு! ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு. மின்சாரம் சரியாக ஓடாது, இரும்பும் கரையாது. ஒரு சிட்டிகை சமையல் உப்பை அதில் போட்டு மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

எங்கள் ஊருக்குத் தண்ணீர் கொள்ளிடத்து மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து வருகிறது. மணலே பாதி வடிகட்டிவிடும். குளோரின் கலந்து, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, தெருவுக்கு விடுகிறோம். தொட்டி வரைக்கும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கெடுவது கடைசி இருபது, முப்பது அடியில்தான். நாள் முழுக்கத் தண்ணீர் வருவதில்லை, மற்ற நேரம் குழாய் காலி. வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடைக்குள்ளேயே போகும், அதில் ஓர் ஓட்டை இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுவார். அப்புறம் சாக்கடை உள்ளே வராமல் என்ன செய்யும்? இந்தத் தெருவிலும் அதேதான் நடந்தது.

வந்த அழுக்கை எதிர்த்து நிற்க அந்த நேரத்தில் குழாயில் இருப்பது குளோரின் மட்டும்தான். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். நீங்களோ "ப்ளீச்சிங் பவுடர் வாடை அடிக்குது" என்று பம்ப் ஆபரேட்டரிடம் சண்டைக்குப் போகிறீர்கள். அவரும் பயந்து அளவைக் குறைக்கிறார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லேசான வாடை நல்லது. திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். (ஆபரேட்டர்களுக்கும் ஒரு வார்த்தை: வாய் திறந்து ஈரம் ஏறிய மூட்டையில் வீரியம் இருக்காது. எடை போட்டுக் கலந்தால் மட்டும் போதாது, தெருக்கடைசியில் சோதித்துப் பாருங்கள்.)

மோட்டாரைக் குழாயிலிருந்து கழற்றுங்கள். தரைத்தொட்டியில் தண்ணீரை இறக்கி, அங்கிருந்து மேலே ஏற்றுங்கள். சாக்கடைக்குள் கிடக்கும் இணைப்பை மாற்றுங்கள், செலவு ஒருமுறைதான். ஆர்.ஓ. இருந்தாலும் அதன் கார்பன் வடிகட்டி குளோரினை எடுத்துவிடுகிறது. அதனால் அந்தத் தண்ணீருக்கும் காவல் இல்லை; பிடித்து வைக்கும் குடத்தைத் தினமும் கழுவுங்கள், உள்ளே கை விடாதீர்கள். சந்தேகம் என்றால் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் விடுங்கள். தெருவில் இரண்டு பேருக்குக் காமாலை என்றாலே நகராட்சிக்குச் சொல்லுங்கள். கலங்கலோ நாற்றமோ வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாங்கள் வந்து மாதிரி எடுத்துக்கொள்கிறோம்.