தலசாய்டு: கடற்சாயல் நத்தை

ஆப்பிரிக்காவில் டாங்கனிக்கா ஏரியில் வாழும் சில நன்னீர் நத்தைகளைத் 'தலசாய்டு' என்ற அடைமொழியோடு எழுதுவார்கள். தலசா என்றால் கிரேக்கத்தில் கடல். பின்னொட்டான 'ஆய்டு', உருவம் என்று பொருள்படும் ஏய்டோஸிலிருந்து வந்தது. ஆக, கடல் உயிரி போன்ற உருவம் கொண்டது என்று பொருள். உருவம் மட்டும்தான், பிறப்பைப் பற்றி இந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணியதில்தான் பெரிய விவாதமே கிளம்பியது.

1858-இல் பிரிட்டிஷ் ஆய்வுப்பயணிகள் பர்ட்டனும் ஸ்பீக்கும் அந்த ஏரிக்குப் போனபோது ஸ்பீக் சில ஓடுகளைச் சேகரித்து வந்தார். குளம் குட்டை நத்தைகளின் ஓடு பெரும்பாலும் மெல்லிசாக, வழவழப்பாக இருக்கும், சிலவற்றை விரலால் நசுக்கினாலே நொறுங்கிவிடும். இவையோ தடித்து, வரிவரியாகப் புடைத்து, கடற்கரையில் பொறுக்கியவை போலவே இருந்தன. ஒன்றுக்கு 'நாஸ்ஸா' என்று கடல்நத்தையின் பெயரையே வைத்துவிட்டார்கள், இன்றைக்கும் அது லாவிஜீரியா நாஸ்ஸாதான். 1880-இல் விவரிக்கப்பட்ட டிஃபோபியா ஹோரெய் நத்தையின் ஓட்டில் நீள நீளமான முட்களே உண்டு.

போதாக்குறைக்கு, பெரும்பாலும் கடலில் வாழும் ஜெல்லிமீனும் அதே ஏரியில் கிடைத்தது. பிறகென்ன, ஜுராசிக் காலத்துக் கடல் ஒன்றின் மிச்சம்தான் இந்த ஏரி என்று பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஜே. ஈ. எஸ். மூர் வாதிட்டார், இந்த உயிரிகளுக்கு 'ஹாலோலிம்னிக்' (கடலும் ஏரியும் சேர்ந்த) என்று தனிப்பெயரும் சூட்டினார், 1903-இல் அதைப் பற்றி நூலே எழுதினார். கருத்து அழகானது, ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது. ஏரியின் வயது சுமார் 90 லட்சம் முதல் 1.2 கோடி ஆண்டுகள், ஜுராசிக் காலமோ 14 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது.

சரி, அப்படியானால் கடல் ஓடு எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு நண்டுகளுக்கு. ஏரியிலேயே உருவான பிளாட்டிதெல்ஃபூசா நண்டுகளில் ஒன்றுக்குப் பெரிய, பலமான கொடுக்கு, நத்தை ஓட்டை நொறுக்கவே ஏற்றது. நத்தை தப்பித்துவிட்டால் உடைந்த இடத்தில் மறுபடி ஓடு வளரும், ஆனால் தழும்பு கோணல்மாணலாக அப்படியே நிற்கும், அதை ஓட்டிலேயே பார்க்கலாம். தடித்த ஓடு உள்ளவை பிழைத்தன, கொடுக்கும் பெருத்தது. கடலில் நண்டும் நத்தையும் நடத்திய அதே போட்டி நன்னீரிலும் நீண்ட காலம் நடந்ததால் வடிவமும் ஒத்துப்போனது. பொதுவாக ஏரிகள் சில ஆயிரம் ஆண்டுகளில் தூர்ந்துவிடும், அதனால் இப்படி ஒரு போட்டிக்கு நேரமே கிடைக்காது.

மரபணு ஆய்வும் இந்த நத்தைகளைப் பாலுடோமிடே என்ற நன்னீர்க் குடும்பத்தில்தான் சேர்க்கிறது. அதே குடும்பத்தின் பாலுடோமஸ் நத்தைகள் இலங்கை ஓடைகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளிலும் கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டாங்கனிக்காவின் முள்நத்தைக்கு அவை உறவு, கடற்சங்குகள் இல்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? 'ஆய்டு' வருமிடத்தில் 'போலி' என்று பெயர்ப்பது உண்டு, இலக்கணத்தில் அது நல்ல சொல்தான். ஆனால் 'கடற்போலி' என்றால் இன்று காதில் மோசடி என்றே விழும். 'கடலின நத்தை' சுத்தமாகத் தப்பு, அது மூர் சொன்னதையே திரும்பச் சொல்வதாகிவிடும். என் தேர்வு 'கடற்சாயல்'. சாயல் என்பது தோற்றத்தில்தான் இருக்கும், உறவில்லாதவர்களிடமும் இருக்கும்.

'கடல்வழி நத்தை' என்ற பெயரை வேறொன்றுக்கு எடுத்துவைக்க வேண்டும். மகாராஷ்டிரம், கர்நாடகப் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையில், அருவித் தண்ணீர் தெறிக்கும் பாறைகளில் கிரெம்னோகாங்கஸ் என்ற சின்ன நத்தை வாழ்கிறது. அதன் குடும்பமான லிட்டோரினிடேயில் மற்றவை கடலோரப் பாறைகளிலும் அலையாத்தி மரங்களிலும் இருப்பவை. உண்மையிலேயே கடலிலிருந்து மலையேறியது இதுதான், ஆனால் இதை யாரும் தலசாய்டு என்பதில்லை.