ரூட்டர் மிஷின் ஏன் கொதிக்கிறது?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு தச்சுப் பட்டறை. மரத்தைக் குடைந்து பள்ளம் எடுக்கும் ரூட்டர் மிஷினால் தேக்கு நிலையில் 12 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதி தூரம் போனதும் ரூட்டரின் சத்தம் முனகலாக இறங்கியது, வார்னிஷ் கருகும் வாடை வந்தது. ஆசாரி உடனே சுவிட்சை அணைத்து மிஷினைக் கீழே வைத்தார். "தொட்டுப் பாருங்க தம்பி, தோசைக்கல்லு கணக்கா கொதிக்குது. போன வருஷமும் இப்படித்தான் காயில் போச்சு. மிஷினே சரியில்ல."

மிஷின்மேல் பெரிய குற்றமில்லை என்பது என் எண்ணம். அது வேலை செய்யும் விதத்திலேயே ஒரு சுழல் இருக்கிறது.

ரூட்டருக்குள் இருப்பதும் வீட்டு மிக்ஸியில் இருப்பதும் ஒரே வகை மோட்டார்தான். கெட்டியாக வடை மாவு அரைக்கும்போது மிக்ஸியிலிருந்து வருமே, அதே வாடைதான் இதுவும். போர் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குக் கட்டுப்பட்டது, நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டாது. சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டை வைத்த இந்த மோட்டாருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. விரல் தடிமன் பிட் (வெட்டும் அலகு) மரத்தைச் சுத்தமாக வெட்ட வேண்டுமானால் 20,000 சுற்றுக்கு மேல் வேண்டும் என்பதால்தான் ரூட்டரில் இதை வைக்கிறார்கள்.

சுற்றும்போது, மோட்டாரின் சுழலும் சுருளான ஆர்மேச்சர் தானும் ஒரு ஜெனரேட்டர் மாதிரி எதிர் வோல்டேஜை உண்டாக்கும். உள்ளே வரும் கரண்டுக்கு அதுதான் தடுப்பு. ஆழமாக அழுத்தினால் வேகம் குறையும், தடுப்பும் தளரும், கரண்ட் பாய்ந்து ஏறும். கம்பியில் பிறக்கும் வெப்பம் கரண்டின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841-லேயே எழுதிவிட்டார். 7 ஆம்பியர் இழுக்க வேண்டிய 1,600 வாட் ரூட்டர் 10.5 ஆம்பியர் இழுத்தால், கரண்ட் ஒன்றரை மடங்குதான், கம்பியின் சூடோ இரண்டேகால் மடங்கு. செம்பு சூடேறச் சூடேற அதன் மின்தடையும் கூடும். 100 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடுகிறது.

இந்தச் சூட்டை வெளியேற்ற என்ன இருக்கிறது? அதே தண்டில் மாட்டிய சின்ன விசிறி ஒன்றுதான். தண்டு மெதுவானால் விசிறியும் மெதுவாகும். அதாவது, காற்று மிக அதிகமாகத் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் காற்று குறைகிறது. வேகம் குறைகிறதே என்று கையால் இன்னும் அழுத்தினால் சுழல் இறுகும்.

ஆசாரி செய்ததில் எனக்கு வருத்தம் தந்தது அந்த சுவிட்சை அணைத்ததுதான். மோட்டார் நின்ற நொடியே விசிறியும் நின்றுவிடுகிறது. சுருளில் தேங்கிய சூடு வெளியே போக வழியின்றி கம்பிமேல் மின்காப்பாகப் பூசிய வார்னிஷிலும் பேரிங் கிரீஸிலும் இறங்கும். பிட்டை மரத்திலிருந்து தூக்கி, முழு வேகத்தில் ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். சுமையில்லாதபோது கரண்ட் சொற்பம், காற்றோ முழுசாக வரும். ஆனால் புகை வந்தாலோ, கார்பன் பக்கம் வளையமாகப் பொறி பறந்தாலோ யோசிக்காமல் அணைத்துவிடுங்கள். மின்காப்பு அனுபவிக்கும் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்பொறியாளர்களின் பழைய கணக்கு. போன வருஷம் காயில் போனது ஒரே நாள் வேலையால் ஆகியிருக்காது.

டெல்டாவில் இன்னொரு சங்கதியும் உண்டு. குறுவை நேரத்தில் சுற்றுவட்டாரத்து போர் மோட்டார்கள் ஒன்றாக ஓடினால் பட்டறை பல்பே மங்கிப் போகும். 230 வோல்ட் 180-க்கு இறங்கினால், அதே வேலையை வாங்க கரண்ட் கால் பங்குக்கு மேல் கூடியாக வேண்டும். அதோடு 30 மீட்டர் ஒல்லி ஒயரில் இழுத்தால் வழியிலேயே மேலும் பத்துப் பன்னிரண்டு வோல்ட் காணாமல் போகும். சுருட்டி வைத்த ஒயரும் சேர்ந்து சூடாகும். தடித்த ஒயர், குறைந்த நீளம், கனமான வெட்டுக்குக் காலை நேரம்: இந்த மூன்றையும்தான் நான் ஆசாரியிடம் வற்புறுத்தினேன்.

பெரும்பாலான ரூட்டர்கள் மேலே காற்றை இழுத்து பிட் பக்கம் தள்ளும். மேஜைக்கடியில் தலைகீழாக மாட்டி நாலு பக்கமும் பலகை அடைத்தால், தள்ளிய சூட்டுக்காற்றையே திரும்ப இழுக்கும், தூளும் உள்ளே கொட்டும். மரத்தூள் வெப்பத்தை எளிதில் கடத்தாது. துவாரத்தில் அப்பிய தூள் மோட்டாருக்குப் போர்த்திய கம்பளிதான்.

பிட்டுக்கு வருவோம். தேக்கில் சிலிக்கா இருக்கிறது, முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய முனை வெட்டாது, தேய்க்கும். பயந்து பயந்து மெதுவாகத் தள்ளினாலும் இதே கதைதான். சீவல் பறந்தால் சூடும் அதோடு பறக்கும், மாவாக உதிர்ந்தால் சூடு பிட்டிலேயே தங்கி மரத்தில் கருப்பு வடு விழும்.

மிச்சமிருந்த காடியை மறுநாள் காலை எடுத்தார்கள். புது பிட், நாலு நாலு மில்லிமீட்டராக மூன்று ஓட்டம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் கொஞ்சம் வெறும் சுழற்சி. வேலை முடிந்தபோது ஆசாரி மிஷின் உடம்பில் உள்ளங்கையை வைத்து, எடுக்காமலே பேசிக்கொண்டிருந்தார்.