பயிற்சித்தாளைப் படம் பிடித்துக் குழுவில் போடாதீர்கள்

இந்தப் பருவத்தில் மட்டும் இது மூன்றாவது முறை. கோலாலம்பூர்த் தமிழ் விரிவுரையாளர்கள் கூடியிருக்கும் ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இரவு பத்தரைக்கு ஒரு படம் வந்து விழுந்தது. ஒரு மாணவி கையால் எழுதிய பயிற்சித்தாள். பிழைகளைச் சுற்றிச் சிவப்பு வட்டங்கள், மூலையில் மெட்ரிக் எண், அதாவது மாணவர் பதிவெண். கீழே, "இவங்களுக்கு எப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறது? ஆலோசனை தேவை." வரிசையாகச் சிரிப்பு முகங்கள் வந்தன. ஆலோசனை ஒன்றுகூட வரவில்லை.

மறுநாள் மாலைக்குள் அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பகுதிநேரமாகப் பாடம் எடுக்கும் அவளுடைய சித்தியும் அதே குழுவில்தான் இருந்தார். மெட்ரிக் எண்ணைக்கூட அவர் பார்க்கவில்லை. கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிட்டது.

படத்தைப் போட்டவரை அழைத்துப் பேசினேன். "நம்ம குழுவுக்குள்ளதானே டாக்டர்" என்றார். எனக்கு எரிச்சலூட்டுவதே இந்த வார்த்தைதான். எந்தக் குழு ஐயா நம்முடையது? மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது 1956இல். அங்கே படித்தவர்கள், அவர்களிடம் படித்தவர்கள், அவர்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்தவர்கள் என்று நம் வட்டம் முழுக்க ஒன்றுக்குள் ஒன்று. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் நாலு பேர் உட்கார்ந்தால் ஒருவர் இன்னொருவருக்கு முன்னாள் மாணவராக இருப்பார். குழுவில் போட்டதை யாரும் திருடிக்கொண்டு போக வேண்டியதில்லை. அது தானாகவே வீடு போய்ச் சேரும். எண்ணை மறைத்துவிட்டால் போதும் என்பவர்கள் அந்தச் சித்தியை நினைத்துக்கொள்ளுங்கள். உடனே ஒருவர், 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்குத்தானே என்பார். சரி. நான் சட்டம் பேசவில்லை. உங்களை நம்பித் தாளைக் கொடுத்த பிள்ளையைப் பற்றிப் பேசுகிறேன்.

பிழையைக் காட்ட வேண்டுமென்றால் அதே பிழையோடு நீங்களே இரண்டு வாக்கியம் எழுதுங்கள். ஐந்து நிமிட வேலை. கேள்வியையும் கேள்வியாகக் கேளுங்கள். போன வருடம் ஒரு இளம் விரிவுரையாளர் இப்படிக் கேட்டார்: "இரண்டாம் ஆண்டு, 40 பேர், ஏழாம் வாரம். வல்லினம் மிகும் விதியைக் கேட்டால் சொல்கிறார்கள், எழுதும்போது விட்டுவிடுகிறார்கள். சொல்வதெழுதுதல் வைத்தேன், பலனில்லை." பத்து நிமிடத்தில் மூத்தவர் ஒருவர் பதில் போட்டார்: எழுதியதை அவர்களையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், 'அந்த பையன்' என்று எழுதிய பிள்ளை வாயால் 'அந்தப் பையன்' என்றுதான் சொல்லும். (எல்லா இடத்திலும் காது கைகொடுக்காது. ஆனாலும் நல்ல தொடக்கம்.)

மூத்தவர்களுக்கும் ஒன்று. "இதுகூடத் தெரியாமலா முனைவர் பட்டம் வாங்கினீர்கள்?" என்பது பதில் இல்லை. அதைக் கேட்ட இளையவர் அடுத்த முறை யாரிடமும் கேட்க மாட்டார். திருத்த வேண்டியிருந்தால் தனியாகச் சொல்லுங்கள், ப்ளீஸ்.

அப்புறம், நாளைக் காலை வகுப்பை வைத்துக்கொண்டு இன்று இரவு "மூன்று கிரெடிட் பாடத்துக்கு முழு ஸ்லைடும் அனுப்புங்க" என்று கேட்காதீர்கள். யாராவது மனமிரங்கி அனுப்பினால் அவர் பெயரை அழிக்காதீர்கள். சொன்ன யோசனை பலித்ததா இல்லையா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்த மூத்தவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், அந்த 40 பேர் உரக்கப் படித்தார்களா என்று.