இந்த மெஷின் இனி கொடுக்குமா?

காசு போட்டால் படச் சக்கரங்கள் சுழலும் சூதாட்ட எந்திரமான ஸ்லாட் மெஷினைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஸ்லாட் மெஷின் ரொம்ப நேரமாகப் பரிசு தரவில்லை என்றால் சீக்கிரம் தரும் என்கிறார்களே, உண்மையா? இல்லையென்றால் படித்தவர்கள்கூட ஏன் நம்புகிறார்கள்?"

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது: உண்மை இல்லை. ஒவ்வொரு சுற்றும் தனித்தனி. போன சுற்றில் என்ன வந்தது என்பது அடுத்த சுற்றுக்குத் தெரியாது. 1913இல் மாண்டி கார்லோ சூதாட்ட விடுதியில், கறுப்பு, சிவப்புக் கட்டங்களில் பந்து விழும் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. "இனி சிவப்புதான்" என்று பணத்தைக் கொட்டியவர்கள் அன்று மொட்டையானார்கள். பள்ளிக்கூட நிகழ்தகவுப் பாடம்தான் இது, அதனால் இதோடு விட்டுவிடலாம்.

இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. பதிலில் பாதி நம் மூளைக்குள். மீதிப் பாதி ஒரு காப்புரிமைப் பத்திரத்தில்.

பழைய ஸ்லாட் மெஷின் ஒருவகையில் நேர்மையானது. மூன்று சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் சில படங்கள், நடுவில் ஒரு கோடு. மூன்றிலும் ஒரே படம் கோட்டில் நின்றால் பரிசு. ஒரு சக்கரம் 22 இடங்களில் நிற்கக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். ஜாக்பாட் படம் சக்கரத்துக்கு ஒன்று என்றால், மூன்றும் கூடி வர 22×22×22, அதாவது 10,648இல் ஒரு வாய்ப்பு. கண்ணுக்குத் தெரிவதுதான் கணக்கு. இதில் முதலாளிக்கு ஒரு சிக்கல். 10,648 சுற்றுக்கு ஒருமுறை விழக்கூடிய பரிசைப் பெரிதாக வைத்தால் அவர் கடையை மூட வேண்டியதுதான். பெரிய பரிசு வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும், அல்லது சக்கரங்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். அப்படிச் செய்தால் வாய்ப்பு குறைவு என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் இங்கெ டெல்னாஸ் (Inge Telnaes) என்ற கண்டுபிடிப்பாளர். 1984இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவர் செய்தது இதுதான்: சக்கரத்தைச் சுழல விட்டுவிட்டு, முடிவை மட்டும் அதனிடமிருந்து பிடுங்கி ஒரு சிப்பிடம் கொடுத்துவிட்டார். ஆள் இல்லாத நேரத்திலும் அந்தச் சிப் இடைவிடாமல் எண்களை உருட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் பட்டனை அழுத்தும் நொடியில் எந்த எண்கள் சிக்குகின்றனவோ அவைதான் முடிவு. அதற்குப் பிறகு சக்கரங்கள் சுற்றி, ஒவ்வொன்றாக 'டக்' என்று நிற்பது முழுக்க நாடகம். நடுவில் நிறுத்துவதற்கு ஒரு பட்டன் கொடுத்திருந்தாலும் அது நாடகத்தைத்தான் சீக்கிரம் முடிக்கும். "நான் எழுந்ததும் அடுத்து உட்கார்ந்தவனுக்கு விழுந்துவிட்டதே!" என்ற புலம்பலுக்கும் அர்த்தமில்லை. நீங்களே உட்கார்ந்திருந்தாலும் அதே கணத்தில் அழுத்தியிருக்கப் போவதில்லை.

இதுவரை சூழ்ச்சி ஏதும் இல்லை. அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது (பிடித்தது என்று சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது). சக்கரத்தில் 22 இடம்தான். ஆனால் சிப் 22க்குள் எண் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? அது 1 முதல் 64 வரை எடுக்கட்டும். எந்த எண் வந்தால் சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளலாம். ஜாக்பாட் படத்துக்கு 64இல் ஒரே ஒரு எண்ணை ஒதுக்குவோம். அதற்கு மேலே உள்ள, படமில்லாத வெற்றிடத்துக்கு 5, கீழே உள்ள வெற்றிடத்துக்கு 5. மிச்சமுள்ள 53 எண்களை மற்ற 19 இடங்களுக்குப் பிரித்துக் கொடுப்போம். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை, முறை அசல்.

இப்போது ஜாக்பாட் விழ 64×64×64, அதாவது 2,62,144இல் ஒரு வாய்ப்பு. சக்கரத்தைப் பார்ப்பவரின் கணக்கைவிட ஏறக்குறைய 25 மடங்கு குறைவு. அதைவிட முக்கியம், கோட்டுக்கு மேலும் கீழும் என்ன தெரிகிறது என்பது. வெற்றிடம் கோட்டில் நின்றால் ஜாக்பாட் படம் ஓர் அங்குலம் தள்ளி நின்று கண்ணடிக்கும். சாதாரணச் சக்கரத்தில், படம் கோட்டில் ஒருமுறை நின்றால் பக்கத்தில் இரண்டு முறை நிற்கும். நம் அட்டவணையில் ஒன்றுக்குப் பத்து! ஒரு சுற்றைக்கூடப் பொய்யாக நடத்தாமல், எண்களை ஒதுக்கிய விதத்திலேயே 'கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை' என்ற அனுபவத்தை மெஷின் வேண்டிய அளவு உற்பத்தி செய்கிறது. உள்ளதைவிட அதிக வாய்ப்பு இருப்பதாக ஆடுபவருக்குத் தோன்ற வேண்டும் என்று அந்தக் காப்புரிமையே ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது.

மூளை இதில் ஏன் ஏமாறுகிறது? பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பினால் குறி நெருங்கிவிட்டது, இன்னொரு முறை அடி என்பது நல்ல பாடம். திறமை வேண்டிய எல்லா வேலையிலும் நூலிழையில் தவறுவது ஒரு தகவல். ஸ்லாட் மெஷினில் அதில் தகவலே இல்லை. மூளைக்கு அது தெரிவதில்லை. 2009இல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பரிசு கிடைக்கும்போது விழித்துக்கொள்ளும் பகுதிகள் சிலவும் நூலிழைத் தோல்வியில் விழித்துக்கொண்டன. ஆடியவர்களைக் கேட்டால், முழுத் தோல்வியைவிட இது அதிகம் கசந்தது என்றார்கள். ஆனால் எந்தப் படம் விழுந்தால் பரிசு என்பதைத் தாங்களே தேர்ந்தெடுத்திருந்தால், மறுபடி ஆடும் ஆசையும் கூடவே ஏறியது. கசக்கிறது, இன்னும் வேண்டும்.

இது மனவுறுதி இல்லாதவர்களின் சிக்கல் என்பவர்களுக்கு ஒரு செய்தி. மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருள் போலச் செயல்படும் பிராமிபெக்ஸோல் போன்ற மருந்துகளைப் பார்க்கின்சன் நோய்க்காகச் சாப்பிடுபவர்களில் சிலர், அதுவரை சூதாட்டத்தில் நாட்டமில்லாதவர்கள்கூட, கட்டுக்கடங்காமல் ஆடத் தொடங்குகிறார்கள். மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பலருக்கு அது அடங்கிவிடுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013 பதிப்பில் சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தின் வரிசைக்கே மாற்றியது.

சரி, சட்டம் என்ன செய்தது? 1980களின் இறுதியில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஒரு வழக்கு வந்தது. ஒரு தயாரிப்பாளரின் மெஷின்கள், தோல்வி என்று முடிவான பிறகு, கோட்டிலேயே நூலிழைத் தோல்வி போல் தெரியும் படங்களைத் தேடி எடுத்துக் காட்டின. இது கூடாது என்றார்கள் அதிகாரிகள். அட்டவணை வழியாகக் கோட்டுக்கு மேலும் கீழும் காட்டுவதை மட்டும் விட்டுவிட்டார்கள். எனக்கு இந்த வித்தியாசம் இன்றுவரை புரியவில்லை.

பொதுச் சுகாதாரம் கேட்கும் கேள்வி வேறு. ஆடுபவரின் குணத்தை விட்டுவிட்டு, அது மெஷினின் வேகத்தைப் பார்க்கும். 90 சதவீதம் திருப்பித் தரும் மெஷின் என்றால், 100 போட்டால் 90 மிஞ்சும் என்று நினைக்கிறோம். அந்த 10 சதவீதம் ஒவ்வொரு சுற்றிலும் உருவப்படுகிறது. சுற்றுக்கு 1 வீதம் மணிக்கு 600 சுற்று ஆடினால் சராசரியாக 60 போய்விடும். வேகம்தான் டோஸ். அதனால்தான் பிரிட்டன் 2021இல் ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு சுற்று 2.5 நொடிக்குக் குறையக் கூடாது என்றது. தானாகச் சுற்றும் வசதியையும் தடை செய்தது. 20 கட்டி 5 திரும்ப வந்தால் விளக்கெரித்து மேளம் கொட்டுவார்களே, 15 தோற்றதற்கான அந்தக் கொண்டாட்டத்துக்கும் தடை. நார்வே இன்னும் துணிந்தது: 2007இல் ஸ்லாட் மெஷின்கள் அனைத்தையும் அகற்றியது. சூதாட்டத்தில் சிக்கியவர்களுக்கான உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகள் குறைந்தன. பிறகு அரசு நிறுவனம் வேறு மெஷின்களைக் கொண்டுவந்தபோது சொந்த அட்டை, இழப்புக்கு உச்சவரம்பு, கட்டாய இடைவேளை எல்லாம் கூடவே வந்தன.

'பொறுப்புடன் விளையாடுங்கள்' என்ற வாசகத்தை மட்டும் ஒட்டிவிட்டுக் கைகழுவுவதை நான் ஒழுங்குமுறை என்றே சேர்த்துக்கொள்வதில்லை. அட்டவணை ஒருவர் கையில், பொறுப்பு இன்னொருவர் தலையில்.

ஆராய்ச்சிப் பணத்திலும் இதே கோளாறு. இத்துறையின் ஆய்வுகளுக்குப் பல நாடுகளில் சூதாட்ட நிறுவனங்களே மனமுவந்து நன்கொடை கொடுத்துவந்தன. எந்தக் கேள்வி கேட்கப்படும், எது கேட்கப்படாது என்பதை அது எப்படித் தீர்மானிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பிரிட்டன் 2025 ஏப்ரலில் நன்கொடையைக் கட்டாய வரியாக மாற்றி, அதில் 20 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்கியது. நல்ல தொடக்கம். ஆனால் ஆன்லைனில் யார் எந்த நொடியில் எவ்வளவு கட்டினார், எத்தனை நூலிழைத் தோல்விக்குப் பிறகு தொகையை ஏற்றினார் என்ற பதிவுகள் நிறுவனங்களின் சர்வரில்தான் கிடக்கின்றன. ஆய்வாளர்களோ இருபது முப்பது தன்னார்வலர்களை ஸ்கேனருக்குள் படுக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர்களை நீக்கிவிட்டு அந்தப் பதிவுகளையும், ஒவ்வொரு விளையாட்டின் எண் அட்டவணையையும் பொதுவில் வைக்க வேண்டும் என்று லைசென்ஸ் கொடுக்கும்போதே எழுதி வாங்கிவிடலாம்.