அதிர்விலிருந்து மின்சாரம்: பீசோ பட்டையை எப்படி வடிவமைப்பது?

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் அதிர்விலிருந்து பெரிய அளவில் மின்சாரம் எடுக்க முடியாது. கிடைப்பது சில மைக்ரோவாட். எல்லாம் கூடி வந்தால் சில மில்லிவாட். ஆனால் வெப்பநிலையை அளந்து அவ்வப்போது வயர்லெஸில் அனுப்பும் ஒரு சென்சாருக்கு அதுவே போதும். எட்டாத இடத்தில் ஏறி பேட்டரி மாற்றும் வேலை மிச்சம்.

சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதை, அதாவது பீசோ விளைவை, 1880-இல் ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். இன்று அதிகம் புழங்குவது ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் கலந்த பி.இசட்.டி. என்ற பீங்கான். அதை மெல்லிய உலோகத் தகட்டின் இரு பக்கமும் ஒட்டி, ஒரு முனையை இறுக்கிப் பிடித்து, மறுமுனையில் எடை வைப்பார்கள். மேசை விளிம்பில் பிடித்து விரலால் தட்டிய ஸ்கேல் போல அது மேலும் கீழும் ஆடும்.

நடுவில் உலோகம் எதற்கு? பட்டை வளையும்போது மேற்பக்கம் நீண்டால் கீழ்ப்பக்கம் சுருங்கும். முழுப் பட்டையும் ஒரே பீங்கானாக இருந்தால் இரண்டின் மின்னூட்டமும் ஒன்றையொன்று அழித்துவிடும். வளைவின் அழுத்தமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பிடிமானத்தருகே அதிகம், நுனியில் ஏறக்குறைய இல்லை. நுனிவரை பீங்கான் ஒட்டினால் அந்தப் பகுதி எதையும் தராது. மற்ற பகுதி தந்த மின்னூட்டத்தையும் ஒரு கப்பாசிட்டர்போல உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பீங்கானை அடிப்பகுதியோடு நிறுத்துகிறார்கள், அல்லது அழுத்தம் சீராகப் பரவும்படி நுனி நோக்கிக் குறுகும் பட்டையாக வெட்டுகிறார்கள்.

அப்புறம் அதிர்வெண். இடத்தின் அதிர்வெண்ணும் பட்டையின் இயல்பு அதிர்வெண்ணும் ஒன்றானால்தான் ஆட்டம் பெரிதாகும். எடையைக் கூட்டினாலோ பட்டையை நீட்டினாலோ அந்த இயல்பு அதிர்வெண் குறையும். நுனி எடையே பெரும்பங்கு என்றால், நீளத்தை இரட்டிப்பாக்கும்போது விறைப்பு எட்டில் ஒன்றாகி, அதிர்வெண் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டார் குறைந்த பளுவில் நிமிடத்துக்கு 1480 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 24.7 ஹெர்ட்ஸ். பளு ஏறி 1440 ஆனால் 24. வித்தியாசம் அற்பம்தான். ஆனால் 24.7-க்குச் சரியாக அமைத்த, கியூ மதிப்பு (உச்சம் எவ்வளவு கூர்மையானது என்பதன் அளவு) 50 உள்ள பட்டையின் மின்திறன் அந்த நகர்விலேயே எட்டில் ஒரு பங்குக்கும் கீழே விழும். ஆய்வகத்தில் உச்சத்தைக் காட்டிய வடிவம் களத்தில் படுத்துவிடுவது இப்படித்தான். ஆகவே முதல் வேலை பட்டையை வரைவதல்ல. நிறுவப்போகும் இடத்தின் அதிர்வை, பளு மாறும் நேரங்களையும் சேர்த்து, நாள்கணக்கில் அளப்பது. உச்சம் கொஞ்சம் தாழ்ந்தாலும் அகன்ற அதிர்வெண் வரம்பில் வேலை செய்யும் வடிவமே பெரும்பாலும் நல்லது.

மின்சுற்றும் வடிவமைப்பின் பகுதிதான். பட்டையின் மின்தேக்குத்திறன் 50 நானோஃபாரட் என்றால், 50 ஹெர்ட்ஸில் அதற்குப் பொருத்தமான சுமை (அதோடு இணைக்கும் மின்தடை) ஏறக்குறைய 64 கிலோ ஓம். பட்டையின் மின்சாரத்துக்கும் அதன் ஆட்டத்துக்கும் உள்ள பிணைப்பு வலுவானால் இந்தக் கணக்கு மாறும். நாம் மின்சாரம் எடுப்பதே ஆட்டத்துக்குத் தடை. மிகையாக எடுத்தால் ஆட்டம் அடங்கிவிடும்.

அதிர்வெண் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களுக்கு நுனியருகே காந்தங்களை வைத்து, பட்டை இரு நிலைகளுக்கிடையே தாவும்படி செய்யும் வழியும் உண்டு. அகன்ற அலைவரிசையில் அது வேலை செய்யும். ஆனால் தாவுவதற்கு வேண்டிய அளவு அதிர்வு இல்லையென்றால் ஒரு பக்கத்திலேயே சிக்கி லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். எனவே வாகனம்போல முரட்டுத்தனமாகக் குலுங்கும் இடத்துக்குத்தான் அதைப் பரிந்துரைப்பேன். சீரான வேகத்தில் ஓடும் இயந்திரத்துக்குச் சாதாரணப் பட்டையே சரி. கூடவே ஆட்டம் எல்லை மீறாமல் தடுக்க ஒரு தடுப்பும் வையுங்கள், பி.இசட்.டி. எளிதில் விரிசல் விடும் பொருள்.