வலைக்கண்ணைவிடச் சின்ன மீன்

வாழைச்சேனையில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "சேர், அமெரிக்காவில் பாதி கட்டிய தொழிற்சாலை ஒன்றைப் புளுட்டோனியம் கையாளும் இடமாக மாற்றுகிறார்களாம். எங்கட கடதாசி ஆலை மாதிரிப் பெரிய கட்டடத்தையும் அப்படி மாற்றலாமா? சுவரைத் தடிப்பாக்கினால் போதாதா?"

அவர் சொல்வது தென் கரோலினாவின் சவன்னா ஆற்றுத் தளத்தில் உள்ள கட்டடம். அணுகுண்டுகளுக்கென்று சேர்த்து வைத்த புளுட்டோனியத்தில் ஆளுக்கு 34 தொன்னை அழிப்பதென அமெரிக்காவும் ரஷ்யாவும் 2000ஆம் ஆண்டில் உடன்பட்டன. அதை அணுமின் உலைகளுக்கான எரிபொருளாக்கவே 2007இல் அங்கே கட்டடவேலை தொடங்கியது. பல நூறு கோடி டொலர் செலவான பிறகு 2018இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். இப்போது அதே கட்டடத்தில் புதிய குண்டுகளுக்கான புளுட்டோனிய உள்ளகம் (குண்டின் நடுவில் இருக்கும் கரு) செய்யத் திட்டம் போட்டிருக்கிறார்கள். ஆயுதத்தைக் கரைக்க எழுப்பிய கட்டடம் ஆயுதம் செய்யப் போவது எனக்குப் பெரிய மனவருத்தம். யுத்தத்தைக் கண்ட மண்ணில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை.

சரி, சுவருக்கு வருவோம். புளுட்டோனியம்-239 முக்கியமாக அல்பாத் துணிக்கைகளை வெளிவிடுகிறது. அல்பாவை ஒரு தாள் கடதாசியே நிறுத்திவிடும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். (கைத்தொலைபேசியின் பின்னால் ஒட்டினால் கதிரைத் தடுக்கும் என்று ஸ்டிக்கர் விற்கிறவர்கள் இந்த வரியைத்தான் திரித்துச் சொல்கிறார்கள். தொலைபேசியில் இருந்து வருவது அல்பா அல்ல, வானொலி அலை. அதை உண்மையாகவே தடுத்தால் உங்களுக்கு அழைப்பே வராது. காசைக் கொடுக்காதீர்கள்.) புளுட்டோனியம் மிக ஆபத்தாவது அதன் தூசியை மூச்சோடு இழுத்தால்தான். நுரையீரலில் தங்கிய துகள், தோல் என்ற காப்பு இல்லாத இடத்தில் இருந்துகொண்டு பக்கத்துக் கலங்களைச் சுட்டுக்கொண்டே இருக்கும். அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 24,100 ஆண்டுகள். நில நடுக்கத்துக்கும் பாதுகாப்புக்கும் தடித்த சுவர் வேண்டும்தான். ஆனால் மாற்றத் திட்டம் போடுகிறவர்கள் இராப்பகலாக மண்டையை உடைப்பது காற்றைப் பற்றி.

அடுப்படியில் புகையிழுக்கும் விசிறியைப் போட்டால் குசினிப் புகை முன்மண்டபத்துக்கு வராது. குசினியில் அமுக்கம் கொஞ்சம் குறைகிறது, முன்மண்டபத்துக் காற்று குசினிக்குள் போகிறது. புளுட்டோனியக் கூடமும் இதே மாதிரித்தான், அடுக்கடுக்காக. புளுட்டோனியத்தைக் கையாளும், கையுறை பொருத்திய மூடிய பெட்டிக்குள் அமுக்கம் எல்லாவற்றையும்விடக் குறைவு, அது இருக்கும் அறையில் சற்றுக் கூட, நடைபாதையில் இன்னும் கூட. எங்கே ஓட்டை விழுந்தாலும் காற்று வெளியில் இருந்து உள்ளேதான் ஓடும். வளிமண்டல அமுக்கம் 101,325 பாஸ்கல். அறைக்கும் நடைபாதைக்கும் இடையில் சில பத்துப் பாஸ்கல் வித்தியாசமே போதும். பழைய கட்டடத்தில் அந்தச் சிறு வித்தியாசத்தைப் பிடித்து வைப்பதுதான் பாடு. ஒவ்வொரு வயர்த் துளையும் கதவிடுக்கும் அதைத் தின்னும். பெரிய காற்றுக் குழாய்கள் போக இடம் தேடவேண்டும். சவன்னாவில் முந்தைய திட்டத்துக்குப் பூட்டிய குழாய்களை முதலில் கழற்ற வேண்டியிருந்தது.

உள்ளே இழுத்த காற்றை எப்போதோ வெளியே விடத்தானே வேண்டும்? அந்த வாசலில் நிற்பது மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி. 1940களில் அணுகுண்டுத் திட்டத்துக்காகப் பிறந்தது. மெல்லிய கண்ணாடி நார்களை நீரில் கலக்கி, கம்பிவலையில் வடித்து, தாளாக்கி, விசிறிபோல மடித்துச் சட்டத்தில் அடைக்கிறார்கள். மகள், நீங்கள் கேட்ட ஆலையில் வைக்கோல் கூழைத் தாளாக்கியதும் இதே முறையில்தான்! கண்ணாடி நார் எரியாது. அது ஏன் முக்கியம் என்றால், 1957 செப்டெம்பரில் கொலராடோவின் ரொக்கி பிளாட்ஸ் புளுட்டோனியத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது, எரியக்கூடிய வடிகட்டிகளும் சேர்ந்து எரிந்துபோயின.

நான் ஒவ்வொரு முறையும் வியக்கும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. வாவியில் வீச்சுவலை எறிகிறவரைக் கேளுங்கள், வலைக்கண்ணைவிடச் சின்ன மீன் தப்பிவிடும் என்பார். ஹெப்பா வடிகட்டியில் தன் இடைவெளியைவிட மிகச் சிறிய துகள்தான் இன்னும் நன்றாகச் சிக்குகிறது.

நார்களைத் தென்னந்தோட்டத்து மரங்களாக நினையுங்கள். மரங்களுக்கு இடையே காற்று வளைந்து வளைந்து போகிறது. பெரிய துகள் செங்கல் ஏற்றிய லொறி மாதிரி. சடத்துவத்தால் திரும்ப முடியாமல் மரத்தில் மோதி நிற்கும். மிகச் சிறிய துகள் வண்ணத்துப்பூச்சி துரத்தும் குழந்தை. காற்று மூலக்கூறுகள் நாலாபக்கமும் தட்டிவிட, அங்கும் இங்கும் அலைந்து ஏதாவது ஒரு மரத்தில் முட்டியே தீரும். அதுதான் பிரவுண் 1827இல் நுணுக்குக்காட்டியில் கண்ட, ஐன்ஸ்டைன் 1905இல் விளக்கிய அசைவு. முட்டியது திரும்பப் போகாது. இந்த அளவில் மூலக்கூறுக் கவர்ச்சியே பசை. தப்பக்கூடியது இரண்டுக்கும் நடுவில் இருப்பது, லாவகமாகச் சைக்கிள் ஓட்டுகிறவனைப் போல. அதன் அளவு ஏறத்தாழ 0.3 மைக்ரோமீற்றர். அதனால்தான் வடிகட்டியை அந்த அளவிலேயே சோதிக்கிறார்கள்: அதிலும் 99.97 சதவீதத்தைப் பிடிக்கவேண்டும். அதைவிடப் பெரியதும் சிறியதும் இன்னும் நன்றாகவே சிக்கும்.

கட்டத் தொடங்கிய பிறகு வடிகட்டியைச் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் சாட்சி. அங்கே புளுட்டோனியம் ஆக்கிய உலைகளைக் குளிர்வித்த காற்று சுமார் 120 மீற்றர் உயரப் புகைபோக்கிகளால் வெளியேறியது. அவற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே, வடிகட்டி வேண்டும் என்று நோபல் பரிசு பெற்ற ஜோன் கொக்ரொப்ட் அடம்பிடித்தார். கீழே வைக்கக் காலம் கடந்துவிட்டதால் உச்சியில் கட்டினார்கள். அதைக் 'கொக்ரொப்டின் மடமை' என்று கேலி செய்தார்கள். 1957 ஒக்டோபரில் உலை தீப்பற்றியபோது பெருமளவு கதிர்த்தொழிற்பாட்டுத் தூசியைத் தடுத்தது அந்த மடமைதான். அயடீன்-131 ஆவியாகத் தப்பிப் புல்லில் படிந்தது, புல்லைத் தின்ற மாடுகளின் பாலில் கலந்தது. சுமார் 500 சதுர கிலோமீற்றரில் கறந்த பாலை ஊற்றிக் கொட்டினார்கள்.

ஆவியைப் பிடிக்க நார் உதவாது, கரி வேண்டும். அதற்கு விரும்பப்படும் கரி எதில் இருந்து தெரியுமா? தேங்காய்ச் சிரட்டை. நாங்கள் ஸ்திரிக்கைப் பெட்டிக்குள் போட்ட அதே சிரட்டைக்கரியை நீராவியில் உயிர்ப்பூட்டினால், ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீற்றர் அளவு நுண்துளைப் பரப்பு திறக்கும். பொற்றாசியம் அயடைட்டு ஊட்டினால் கதிர் அயடீனை இன்னும் உறுதியாகப் பிடிக்கும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, சுற்றிலும் தென்னை நிற்கிறது. சிரட்டைக்கரி ஆய்வுக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அணு உலைக்கு இல்லாவிட்டாலும் கிணற்றுத் தண்ணீருக்கு உதவும்.

அப்போ ஆலையை மாற்றலாமா? காற்றையும் புகாமல் அடைத்து, நில நடுக்கத்துக்கும் ஈடுகொடுக்கும்படி பலப்படுத்தி முடிக்கும்போது, புதிதாகக் கட்டியதைவிடச் செலவு கூடியிருக்கும் மகள். ஆனால் முதல் வேலையை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். குசினி விசிறியைப் போட்டுவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஒவ்வொரு கதவிடுக்கிலும் பிடியுங்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காற்றோட்டம் பார்க்கிற பொறியியலாளரும் புகை விட்டுத்தான் பார்க்கிறார். அந்தப் புகைத்துகள்களில் பல 0.3 மைக்ரோமீற்றருக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.